நீல டப்பாவில் இருந்த உப்பு

எங்கள் வீட்டில் முதலில் எழுத்துப் படித்தவள் நான். சலவைச் சோடா என்று இங்கிலீஷில் அச்சடித்த நீலத் தகர டப்பாவில் ஆத்தா உப்பு வைத்திருந்தாள். சோடா இருந்ததோ தேயிலை டப்பாவில். இதைப் பார்க்கவே எனக்கு அவமானமாக இருந்தது. ஆத்தா வயலுக்குப் போயிருந்தபோது சோடாவை நீல டப்பாவிலும் உப்பைச் சட்டியிலும் மாற்றினேன். ஆத்தா வந்து குழம்பு வைத்து, ஐயா சாப்பிட உட்கார்ந்ததும் பெருமையாகச் சொல்லலாம் என்றிருந்தேன்.

சொல்வதற்குள் ஐயா முதல் வாய்ச் சோற்றைத் துப்பினார். சோற்றுக் கும்பா சுவரில் மோதி உருண்டது. ஆத்தாவின் கொண்டையைப் பிடித்து இழுத்து, தலையைத் தூணில் மோதினார்.

"என்னத்தடி குழம்புல கொட்டுன? கொல்லப் பாக்குறியா?"

"ஐயா, நாந்தேன் டப்பாவ மாத்துனேன். ஆத்தாவ விடுங்க!"

அவர் கை நின்றது. என் பக்கம் திரும்பினார். "இதுக்குத்தேன் பள்ளிக்கூடம் போறியா? நாளையிலருந்து களை எடுக்கப் போ."

ஆத்தா வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தாள். "அது பொய் சொல்லுது. அது டப்பாவத் தொடவே இல்ல. நாந்தேன் கை மாறிப் போட்டுட்டேன்."

அகப்பை முறியும்வரை ஐயா ஆத்தாவை அடித்தார். நான் மறுபடி வாய் திறக்கவில்லை.

விடிந்ததும் நீல டப்பாவைக் கழுவி உப்பை நிரப்பிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.