மஞ்சள் விளக்கு மினுக்கிய ஏற்றம்

இத்தாலியின் பலெர்மோவுக்கு வருவதற்கு முன்பு நாலு நாடுகளில் வீட்டுவேலை பார்த்திருக்கிறேன். எங்கும் எங்கள் ஆட்களுக்கு ஒரே பழக்கம்தான். முதலாளி வீட்டு மெஷினில் தெரியாத விளக்கு எரிந்தால் உடனே கையை எடுத்துவிடுவோம். பழுது எங்கள் தலையில்தான் விழும்.

பலெர்மோவின் பொலிதேயாமா பகுதியில் ஒரு சின்யோரா, பணக்கார வீட்டம்மா, தன் ஜீப்பை ஓட்ட என்னைச் சோதனைக்கு வைத்திருந்தாள். பிடித்தால் ஒப்பந்தம் தருவாள். ஒப்பந்தம் இல்லாவிட்டால் என் பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்கும் அனுமதியை, புதுப்பிக்க முடியாது, நாட்டைவிட்டுப் போகவேண்டியதுதான். அன்று அவளுடைய மலைவீட்டுக்குப் போனோம். பின்னால் அவள். பக்கத்து இருக்கையில் அவள் வீட்டுச் சமையல்காரன், மன்னார்க்காரன். எனக்கு முன்பு அந்த ஜீப்பை ஓட்டியவன். ஏன் விட்டான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஏற்றத்தில் பனி கனத்துக் கிடந்தது. மஞ்சள் விளக்கு மினுக்கியது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். மறுபடி மிதித்தேன், மறுபடி மினுக்கியது, எஞ்சின் தானாகவே அடங்கியது. மறுபடி எடுத்தேன். ஜீப் புதைந்து நின்றுவிட்டது.

“ஏன் மச்சான் காலை எடுக்கிறாய்?” என்றான் மன்னார்க்காரன். “அது பழுதில்லை. சில்லு வழுக்குது எண்டு சொல்லுது. டிராக்‌ஷன் கண்ட்ரோல்.”

“அப்ப ஏன் இழுக்குதில்லை?”

“சில்லு சும்மா சுத்தாமல் அதுதான் எஞ்சினை அடக்குது. புதைஞ்சு நிக்கேக்கை அது இடைஞ்சல். அந்தப் பொத்தானை அமத்தி நிப்பாட்டு.”

பாதுகாப்புக்கு வைத்ததை நிறுத்தச் சொல்கிறான். நான் பாதையோரத்துப் பள்ளத்தைப் பார்த்தேன்.

“நான் கவிழ்ந்தால் ஜீப் சாவி திரும்ப உனக்கு, என்ன?”

“ஓம், கவிழேக்கை நான் மட்டும் பறந்து போவன். பக்கத்திலை தானே இருக்கிறன், விசரா!”

“எனக்குத் தெரியாத மொழியில் என் காரைப் பற்றி என்ன பேசுகிறீர்கள்?” என்று பின்னாலிருந்து சின்யோரா இத்தாலியனில் கேட்டாள்.

வேறு வழியில்லை. பொத்தானை அழுத்தினேன். மெல்ல மிதித்து, கொஞ்சம் பின்னுக்கும் கொஞ்சம் முன்னுக்குமாக வண்டியை ஆட்டினேன். சில்லுகள் பனியை வாரியிறைத்தன. ஒரு உதறலோடு ஜீப் வெளியே ஏறியது.

பனி வழித்த பாதைக்கு வந்ததும், “இப்ப திரும்பப் போடு,” என்றான்.

“இப்பத்தானே நிப்பாட்டச் சொன்னாய்?”

“புதைஞ்சால் நிப்பாட்டு, ஓடேக்கை போடு. நாலு சில்லும் இழுக்குது எண்டு பறக்காதை. பிரேக் பிடிக்க அது உதவாது.”

வாசலில் இறங்கியதும், பொத்தானை அழுத்தும் யோசனை யாருடையது என்று சின்யோரா கேட்டாள். மன்னார்க்காரன் என்னைக் காட்டினான். நாளைக்கே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதாகச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

“ஏன் அப்பிடிச் சொன்னனி?”

“இந்த ஏத்தத்திலை ஒவ்வொரு கிழமையும் சாக எனக்கென்ன விசரே? குசினியிலை அடுப்புக்குப் பக்கத்திலை சூடாயிருக்கலாம்.”

நல்ல காரணம்தான். ஆனாலும் அன்று மத்தியானம் அவன் போட்டுத் தந்த சாப்பாட்டை, அவன் முதல் வாய் வைக்கும்வரை நான் தொடவில்லை.