நாலாவது படி

ஏரியின் கிழக்கு ஓரத்தில் ஒரு பாறை விளிம்பு இருக்கிறது. தண்ணீர் அதைத் தாண்டினால்தான் ஆறு. தாண்டாவிட்டால் வெறும் கூழாங்கல் பாதை. அதை ஆறு என்று சொல்லவே கொஞ்சம் தயக்கம்தான், மொத்தமே ஒன்பது கிலோமீட்டர். விளிம்பிலிருந்து சடசடவென்று இறங்கி, நடைபாலத்துக்குக் கீழே நுழைந்து, மர அறுவை ஆலையின் முதுகுப்பக்கம் ஓடி, கீழ்த்தெருவுக்கு வந்ததும் விலாசம் தொலைத்தவன் மாதிரி அங்கேயும் இங்கேயும் வளைந்து நிற்கும். அங்கே நிலம் அப்படி ஒரு தட்டை. ஒரு சாண் தண்ணீர் கூடினால் நாற்பது வீட்டு வாசல் நனையும். அதைத் தாண்டிப் பெரிய ஆற்றில் போய்ச் சேர்ந்துவிட்டால் அப்புறம் இதை யாரும் தேடுவதில்லை.

இந்த ஆற்றுக்குள் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தினமும் பார்த்து எழுதுவதற்கு ஓர் ஆள் உண்டு. விளிம்புக்கு இந்தப் பக்கம், ஏரிக்குள் இறங்கும் கல் படிக்கட்டை ஒட்டி ஒரு அளவுகோல் நட்டிருக்கும். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை அவர் அதைப் பார்த்து நோட்டில் எழுதுவார். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. ஊரில் அவருக்கு சென்டிமீட்டர் என்று பெயர். மணி என்ன என்று கேட்டால் "ஒன்பதாக நாலு நிமிஷம்" என்பார். படம் மாட்ட ஆணி அடிக்கச் சொன்னால் சுவரை அரைமணி நேரம் அளப்பார். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே டேப் கொண்டு வந்திருப்பாரு, எங்க அப்பா முகத்துக்காக வெளியில எடுக்கல" என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு தப்பு செய்தார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் வந்த வெள்ளத்தில் ஒரு மரம் மிதந்துவந்து அளவுகோலைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. தண்ணீர் வடிந்ததும் ஆபீசிலிருந்து புதுக் கோல் வந்தது. அதை நட அவருக்குத் தெரியும். மேலிருந்து எண்ணி நாலாவது படிக்கு நேராக மூன்று மீட்டர் கோடு வரவேண்டும். அப்படி வைத்தால் கோலின் பூஜ்யம் பாறை விளிம்போடு சரியாக இருக்கும். அவருக்கு முன்னால் இருந்தவர் வாய்வழியாகச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. மேலிருந்து எண்ணினார், நாலாவது படிக்கு நேராக நட்டார், கைகழுவிவிட்டு வீட்டுக்குப் போனார். வெள்ளம் மேல்படிக் கல்லையும் சேர்த்து அடித்துக்கொண்டு போயிருந்தது அவர் கண்ணில் படவில்லை. கரையெல்லாம் சேறு, யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அடுத்த வருஷம் கொத்தனார் வந்து மேலே ஒரு சிமெண்ட் படி கட்டினார். மறுநாள் காலை ஆறு மணிக்குச் சென்டிமீட்டர் பழக்கத்தில் எண்ணினார். கோடு ஐந்தாவது படிக்கு நேராக நின்றது. கோல் ஒரு படி, அதாவது இருபது சென்டிமீட்டர், தாழ்ந்து கிடந்தது. ஒரு வருஷமாக அவர் எழுதியதெல்லாம் இருபது அதிகம். அதற்கு முந்தின வாரம்தான் மேலதிகாரி எல்லார் முன்னாலும் அவர் நோட்டைத் தூக்கிக் காட்டி, "வேலைன்னா இப்படி இருக்கணும்" என்று சொல்லியிருந்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்த நாளை வரவே இல்லை.

அதற்கு அடுத்த வருஷம் கீழ்த்தெருவில் இருக்கும் அவர் தங்கை தன் வீட்டுக்குப் புதுத் தரை போட்டாள். "அண்ணே, வெள்ளத்துக்குத் தப்பணும்னா தரையை எவ்வளவு உசத்தணும்?" என்று கேட்டாள். உண்மையில் ஒரு படி உயரம் போதும். அப்படிச் சொன்னால் நோட்டில் இருப்பதற்கும் வாயில் வருவதற்கும் இடிக்கும். "ரெண்டு படி" என்றார். தரை ஏறியது, நிலைவாசல் இருந்த இடத்திலேயே நின்றது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் போகிற ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் குனிந்துதான் போகவேண்டும். தங்கை கணவர் நெடுமரம். வாரத்துக்கு ஒரு தடவையாவது இடித்துக்கொண்டு, "மச்சான், உங்க அளவு என் மண்டையில எழுதியிருக்கு" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். சென்டிமீட்டரும் சிரித்துவைப்பார்.

இப்படியே ஓய்வு பெற்றிருப்பார். இந்த வருஷம் வெள்ளக்கோடு வந்தது. ஆபீசுக்குப் புதிதாக வந்த இன்ஜினியர் அம்மா அவர் நோட்டிலிருந்து அனுப்பிய அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டு, ஊர் மண்டபத்தில் பெரிய வரைபடம் மாட்டினாள். சிவப்புக் கோட்டுக்கு உள்ளே இருக்கும் வீடுகளைக் காலி செய்யவேண்டும். நாற்பது வீடு. அதில் தங்கை வீடும் ஒன்று. ஆட்சேபம் சொல்லப் பதினைந்து நாள்.

தங்கை நேராக அண்ணன் வீட்டுக்கு வந்தாள். "நீ எழுதினதை வெச்சுத்தானே போட்டிருக்காங்க? நீ எழுதினா சரியாத்தான் இருக்கும். நாங்க எங்கயாவது போய்க்கிறோம்" என்று சொல்லிவிட்டு அழுதாள். சண்டை போட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

மறுநாள் ஆபீசுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். இன்ஜினியர் அம்மா பேனாவை மூடி வைத்தாள்.

"உங்க தங்கச்சி வீடு கோட்டுக்குள்ள இருக்கு. இப்ப வந்து இருபது சென்டி குறைச்சுக்கோங்கன்னா நான் என்னன்னு எழுதறது? படி கட்டின கொத்தனார் இருக்காரா?"

"செத்துட்டாருங்க."

"நாலாவது படிக்கு நேரா நடணும்னு எங்கயாவது காகிதத்துல இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப நீங்க சொல்றதை நம்பறதுக்கு நீங்க மட்டும்தான் இருக்கீங்க" என்றாள். தப்பாகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டுகளை இறக்கினார். ஓரத்தில் அவர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். கோடையில் ஏரி இறங்கி, விளிம்பைத் தாண்டும் தண்ணீர் ஒரு நாள் நின்றுபோகும். அன்றைக்கு மட்டும் "ஆறு நின்றது" என்று எழுதுவார். வெள்ளத்துக்கு முந்தைய பதினைந்து வருஷமும் ஆறு நின்ற நாளில் அளவு பூஜ்யம். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் இருபது. முதல் வருஷம் தவிர மற்றதெல்லாம் தெரிந்தேதான் எழுதியிருந்தார். பொய்யாக எழுத அவருக்குக் கை வராது. வாயை மூடிக்கொண்டிருக்க மட்டும் வந்தது.

மறுநாள் அவர் கொண்டுபோய்க் கொடுத்த எல்லா நோட்டையும் இன்ஜினியர் அம்மா புரட்டினாள். பிறகு மட்டக்கருவியைத் தூக்கிக்கொண்டு அவரோடு விளிம்புக்கே வந்து பாறையையும் கோலையும் அளந்தாள். பூஜ்யம் இருபது சென்டிமீட்டர் கீழேதான் இருந்தது.

"பாறை ஒரே வருஷத்துல இருபது சென்டி வளராது" என்றாள். "சரி, ஒத்துக்கறேன். இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

நேற்றுத்தான் என்று சொல்லியிருக்கலாம். மறுக்க ஆளில்லை.

"படி கட்டின மறுநாள். பத்து வருஷம் ஆச்சு."

"அதையும் நான் எழுதணும். மண்டபத்துல எல்லார் முன்னாடியும் படிப்பாங்க."

"எழுதுங்க."

படித்தார்கள். சிவப்புக் கோடு ஆற்றை நோக்கி நகர்ந்தது. நாற்பது வீடும் வெளியே வந்தன. மண்டபத்தில் கைதட்டினார்கள், பின்வரிசையில் ஒருவன், "இனிமே அவரை மீட்டர்னு கூப்பிடலாம், சென்டி எல்லாம் போச்சு" என்றான். சிரித்தார்கள். அது அவருக்கு உறைக்கவில்லை. தங்கை கை தட்டாமல் உட்கார்ந்திருந்தாள், அது உறைத்தது.

சாயங்கால அளவை எழுதிவிட்டு அவள் வீட்டுக்குப் போனார். குனிந்து உள்ளே நுழைந்தார். தங்கை கணவர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வீடு தப்பிச்சுது மச்சான், அது போதும்" என்றார். தங்கை காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தரை போடறப்ப உன்னைத்தான் கேட்டேன். அன்னைக்கு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"இவரு நெத்தியில இருக்கற தழும்பைப் பாரு. ஒவ்வொரு தடவை இடிச்சப்பவும் நான் இவரைத்தான் திட்டினேன். எங்க அண்ணன் அளந்து சொன்னது, நீங்கதான் குனியணும்னு."

தங்கை கணவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "விடும்மா" என்றார். அவள் விடுவதாக இல்லை, ஆனால் குரலை உயர்த்தவும் இல்லை. சென்டிமீட்டர் தரையைப் பார்த்தார்.

"ஒரு படி இறக்கிடலாம்" என்றார். "ஞாயித்துக்கிழமை நானே வந்து உடைக்கறேன்."

தங்கை மடித்த துணிகளை அலமாரியில் வைத்து மூடினாள்.

"வந்து உடை அண்ணே" என்றாள். "அளக்கறதுக்கு நான் வேற ஆளைக் கூப்பிடறேன்."