மந்தைவெளித் தவலையும் மிலான் தகடும்

வாரப் பத்திரிகையில் காபி பற்றி எழுதும் 'டிகாக்‌ஷன்தாசன்' பொய் எழுதியிருக்கிறார். தெரியாமல் எழுதினார் என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். ஒரு திருகாணியைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் ஒரு விஷயத்தை அடித்துச் சொன்னால் அதற்குப் பெயர் பொய்தான்.

அவர் எழுதியது இது: கைப்பிடியை இழுத்துக் காபி இறக்கும் எஸ்பிரஸோ இயந்திரம் நம் நாட்டில் ஒன்றுகூடச் செய்யப்பட்டதில்லை, இருப்பதெல்லாம் கப்பலில் வந்தவை, நம்மவர் கைக்கு அந்த நுணுக்கம் வராது. இதற்குச் சாட்சியாக, பத்து வருஷத்துக்கு முன் தியாகராய நகர் பனகல் பூங்கா அருகே ஓர் ஓட்டல் மாடியில், மிலான் நகரத்து இயந்திரத்தில் தான் குடித்த காபியை நினைத்து ஒரு பத்தி முழுக்க உருகியிருக்கிறார்.

நான் கோயமுத்தூரில் பம்ப் பட்டறை வைத்திருப்பவன். இந்த மாதிரி பழைய இயந்திரங்களைத் தேடிச் சேர்ப்பது என் பைத்தியம். மூன்று சேர்ந்திருந்தன. ஒன்று ஊட்டியில் ஒரு கிளப் கழித்துப் போட்டது, ஒன்று பெங்களூர் ஓட்டலிலிருந்து வந்தது, மூன்றாவது கொச்சித் துறைமுகத்துப் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. கல்யாண வீட்டில் உஸ்ஸென்று பாலுக்குள் ஆவியை ஊதுகிறார்களே, அது வேறு. இதில் கைப்பிடியைக் கீழே இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கும். வெந்நீர் காபித்தூளின் மேல் இறங்கும். கையை விட்டால் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனைத் தள்ளும். நீர் தூளைப் பிழிந்துகொண்டு வெளியே வரும். உலக யுத்தம் முடிந்த கையோடு இத்தாலிக்காரர்கள் இதைச் செய்து விற்க ஆரம்பித்தார்கள். கெட்டிக்காரர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இது அடிப்படையில் ஒரு பம்ப். பம்ப் செய்ய எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தத் தியாகராய நகர் ஓட்டல் எப்போதோ மூடிவிட்டது. இயந்திரம் கோடம்பாக்கத்தில் சினிமாவுக்குச் சாமான் வாடகைக்கு விடும் ஒரு கொட்டகையில் கிடப்பதாக, அங்கே லைட் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர் எழுதியிருந்தார். ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். ஐந்நூறு கிலோமீட்டர், மூன்றாம் வகுப்பு, ஜன்னலோரம்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. சென்ட்ரலில் நாற்பது காசுக்கு ஒரு காபி குடித்தேன். டம்ளர் கழுவிய தண்ணீர் அதைவிட ருசியாக இருந்திருக்கும். எதிரே பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயிலைப் பிடித்துக் கோடம்பாக்கத்தில் இறங்கி, ஒரு மைல் நடந்தேன்.

கொட்டகைக்காரர் பெயர் மஸ்தான். ஐம்பது வயது, கட்டம் போட்ட லுங்கி. ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ராட்சச மிஷினா? வா நைனா, உள்ள கீது."

சவப்பெட்டிக்கும் சாரட் வண்டிக்கும் நடுவே அது நின்றது. உடம்பு முழுக்க வெள்ளி பெயின்ட். தலையில் சிவப்பு பல்புகள், பக்கவாட்டில் எங்கும் போய்ச் சேராத வயர்கள்.

"மூணு படத்துல இது அணுகுண்டு செஞ்சிக்கினு இருந்துச்சு. ஒரு படத்துல ஆளையே கொரங்கா மாத்திச்சு" என்றார் மஸ்தான்.

"ஏனுங்க பாய், இது காபி மிஷினுங்க."

"காபியா? இன்னா நைனா, காலங்காத்தால தமாசு பண்ற."

கைப்பிடியில் கை வைத்தேன். அவர் பாய்ந்து என்னைப் பிடித்தார். "அத்தத் தொடாத! வில்லன் ஒர்த்தரு ஸ்டைலா இஸ்து உட்டாரு. படார்னு மேல வந்து தாடையில ஒரு குத்து. ரெண்டு பல்லு போச்சு. டைரக்டரு இன்னா சொன்னாரு தெரியுமா? ஷாட் ஓகேன்னாரு."

உள்ளே தூள் இல்லாவிட்டால் ஸ்பிரிங்கைத் தடுக்க ஒன்றும் இருக்காது, அப்படித்தான் அடிக்கும் என்று விளக்கினேன். அப்போதுதான் முகப்பில் இருந்த பித்தளைத் தகடு கண்ணில் பட்டது. மிலானோ என்று அழகான இங்கிலீஷ் எழுத்து. டிகாக்‌ஷன்தாசன் சொன்னது சரியா? இதற்கா ராத்திரி முழுக்க ரயிலில் வந்தேன்?

வந்ததற்குக் கழற்றியாவது பார்ப்போம் என்று மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டேன். நழுவியது. வேறு அளவு போட்டேன். அதுவும் நழுவியது. கோபத்தில் பம்புக்குப் போடும் அரை அங்குல ஸ்பேனரை எடுத்து மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது! மிலானில் எவன் அங்குல அளவில் நட்டுப் போடுவான்? பிஸ்டனை உருவினேன். அதில் ரப்பர் இல்லை, தோல் வாஷர் இருந்தது. தெருக்கோடி அடிபம்பில் இருக்குமே, அதே வாஷர். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பின்பக்கத் தகரத்தை நீக்கினேன். உள்ளே செம்பு பாய்லர்; உற்றுப் பார்த்தால் அது ஒரு வீட்டுத் தவலை. அதன் வயிற்றில், சீர்வரிசைப் பாத்திரத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவார்களே, அப்படி வெட்டியிருந்தது: சௌ. ருக்மிணி.

"யாருங்க பாய் இந்த ருக்மிணி?"

"எனுக்கு இன்னா தெரியும்? ஓட்டல்ல இது இருக்க சொல்லோ, ரிப்பேர் பண்ண மந்தவெளி அய்யிரு ஒர்த்தரு சைக்கிள்ல வருவாரு. போலீஸ் டேசன் பக்கத்துல வூடுன்னுவாரு."

விலைக்குக் கேட்டேன். அடுத்த வாரம் ஷூட்டிங் இருக்கிறது, முடியாது என்றார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. "என்ற கொச்சி மிஷினைத் தர்றேனுங்க. அசல் மிலான்."

"அசலா இருந்தா இன்னா, டூப்பா இருந்தா இன்னா? பல்பு மாட்டலாமா?"

"மாட்டலாமுங்க."

"அப்ப சரி. ஆனா இதுல காபி வர்றத நான் பாக்கணும். நானும் வரேன்."

பகல் பன்னிரண்டு. இயந்திரத்தை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, மந்தைவெளிப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கச் சொல்லி அனுப்பிவிட்டு, நாங்கள் 12பி பஸ் பிடித்தோம். பனகல் பூங்கா அருகே அந்த ஓட்டல் இருந்த இடத்தை மஸ்தான் காட்டினார். இப்போது திருநெல்வேலிக்காரர் ஒருவரின் ஜவுளிக்கடை. மாடியில் பட்டுப் புடவை பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். லஸ்ஸில் இறங்கி, வெயிலில் மந்தைவெளிக்கு நடந்து, மூன்று இடத்தில் விசாரித்து வீட்டைப் பிடித்தோம்.

மடிசார் கட்டிய அம்மாள் ஒருவர் கதவைத் திறந்தார்.

"ருக்மிணிங்கிறது..."

"நான்தான். நீங்க யாரு?"

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "உங்க தவலை எங்ககிட்ட இருக்குதுங்க" என்றேன்.

அவர் உள்ளே திரும்பி, "ஏன்னா! இங்க வாங்கோ! உங்க தங்கை தஞ்சாவூருக்குத் தூக்கிண்டு போன தவலை கோடம்பாக்கத்துலேர்ந்து வந்திருக்கு!" என்றார்.

வெளியே வந்தவர் சேஷாத்ரி. ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் கையிலிருந்த தோல் வாஷரைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பதினோரு வருஷமா அவளைத் திட்டிண்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்றார் அம்மாள்.

"நீ அதுக்கு முன்னாடியும் அவளைத் திட்டிண்டுதானே இருந்தே, ருக்கு" என்றார் அவர் மெதுவாக.

மஸ்தான் வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

சேஷாத்ரி சொன்னது இதுதான். ஓட்டல் முதலாளிக்கு வெளிநாட்டு இயந்திரம் வேண்டும்; இறக்குமதி லைசென்ஸ் கிடைக்கவில்லை. ஒரு கேட்லாக்கில் இருந்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, லீவு நாட்களில் இவர் எட்டு மாதம் வேலை செய்தார். பாய்லருக்கு நல்ல கனமான செம்பு கடையில் அகப்படவில்லை. வீட்டுப் பரணில் அகப்பட்டது. தகட்டில் எழுத்து வெட்டியதும் இவரே.

"அது தப்புங்க" என்றேன். எனக்கு இவர் மேலும் கோபம்தான். "நீங்க செஞ்சதுக்கு எவன் பேரையோ போட்டிருக்கறீங்க."

"மந்தைவெளின்னு போட்டா எவன் ஒரு காபிக்கு முக்கால் ரூபா குடுப்பான்னார் முதலாளி. தப்புதான். ஆனா காபி நன்னா இருந்ததோல்லியோ?"

மாலை நான்கு மணிக்கு வண்டி வந்து சேர்ந்தது. பின்கட்டில் இறக்கினோம். என் பையிலிருந்த புதுத் தோல் வாஷரைப் போட்டோம். பல்புகளை மஸ்தான் பத்திரமாகக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டார். பாய்லரைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, ஹீட்டரைப் போட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். ருக்மிணி அம்மாள் தூளை மறுபடி மைய அரைத்துக் கொடுத்தார். சேஷாத்ரி கைப்பிடியை இழுத்தார். முதல் இழுப்பு பக்கவாட்டில் பீய்ச்சி என் வேட்டியில் போனது. நட்டை முடுக்கினேன். அடுத்த இழுப்பில் கைப்பிடி அவசரமில்லாமல் மேலே ஏற, டம்ளருக்குள் கெட்டியாக, தேன் நிறத்தில் நுரை கட்டிக்கொண்டு இறங்கியது.

"த்தோடா! அணுகுண்டு மிஷின்ல காபி!" என்று மஸ்தான் குதித்தார்.

ருக்மிணி அம்மாள் ஒரு வாய் குடித்தார். "கஷாயம்" என்றார். சேஷாத்ரியின் முகம் விழுந்துவிட்டது. அம்மாள் உள்ளே போய்ச் சூடாகப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக்கொண்டு வந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே முழுவதும் குடித்தார். பிறகு காலி டம்ளரைக் கணவரிடம் நீட்டினார்.

"இன்னொண்ணு இழுங்கோ. தஞ்சாவூருக்கு நாளைக்குக் கடுதாசி போடணும். தெம்பு வேணும்."

ஞாயிறு காலை ஊருக்கு வந்து சேர்ந்தேன். இயந்திரம் மந்தைவெளியில்தான் இருக்கிறது. அந்தத் தவலையை அங்கிருந்து தூக்கிவர எனக்குத் துணிவில்லை. கொச்சி மிஷினை மஸ்தானுக்குப் பார்சல் போட்டுவிட்டேன்; அசல் மிலான் இனி அணுகுண்டு செய்யும். சேர்க்கப் போனவன் என் அலமாரியில் ஒன்றைக் குறைத்துக்கொண்டேன். அந்தக் காலி இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. வீட்டுக் காபி மட்டும் இப்போது இறங்க மாட்டேன் என்கிறது.

அந்தத் தகட்டைச் சேஷாத்ரியே கழற்றி என்னிடம் கொடுத்தார். மேஜை மேல் இருக்கிறது.

டிகாக்‌ஷன்தாசன் அவர்களே, நீங்கள் ஒரு பத்தி முழுக்க உருகிய காபி ருக்மிணி அம்மாளின் கல்யாணத் தவலையில் கொதித்தது. அதை இறக்கிய இயந்திரத்தைச் செய்தது உங்கள் ஊர் பிட்டரின் கை. அதே பத்திரிகையில், அதே பக்கத்தில், அந்த இருவரின் பெயரையும் போட்டுப் பதில் எழுதுங்கள். எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். பிரிக்க மாட்டேன்.