பெட்டூனியாவுக்கு உடம்பு சரியில்லை

க்ளின் ஓப்பன்ஷா வாரம் முழுக்க ஒன்பதாம் நம்பர் பஸ் ஓட்டுவான். சனிக்கிழமை சாயங்காலம் அவன் பெட்டூனியா. கெல்ட்பி துறைமுகத்தை ஒட்டிய பப்பில், ஆறடி உயரத்துக்கு மேல் ஒரு சாண் செம்பட்டை விக்கும் மஞ்சள் கவுனுமாகப் பெண் வேடத்தில் மேடையேறி, மீன் ஏலக்காரர்களையும் ஆஸ்பத்திரி நர்ஸுகளையும் பெயர் சொல்லி வம்புக்கு இழுத்துப் பாடுவான். பதினாறு வருடமாக ஊருக்குத் தெரிந்த விஷயம். கல்யாண விருந்துகளுக்கும் கூப்பிட்டார்கள். டிப்போவில் கூட வேலை பார்க்கும் வில்ஃப் டட்டனின் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு ஆடப் போனபோது, கவுனின் முதுகு ஜிப்பை இழுத்துவிட்டதே வில்ஃபின் மனைவி மார்ஜரிதான்.

நூலகத்துக்கு அவனைக் கூப்பிட்டது அங்கே வேலை பார்த்த ஐல்சா.

"சனிக்கிழமை காலையில புள்ளைங்களுக்குக் கதை வாசிக்கிற அம்மா இடுப்பு உடைஞ்சு படுத்துட்டாங்க. நீ வாயேன். பெட்டூனியாவா வா."

"ஏன், க்ளின் வந்தா ஆகாதா?"

"க்ளின் வாசிச்சா புள்ளைங்க தூங்கிடும்."

பப்பில் பேசும் பேச்சு ஒன்றும் இங்கே ஆகாது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கழுத்து வரை மூடிய கவுன் ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டுக்கொண்டு போனான். குளியல் தொட்டியில் மாட்டிக்கொண்ட நீர்யானையைப் பற்றிய படக்கதை. நீர்யானைக்கு ஒரு குரல், தொட்டிக்கு ஒரு குரல். பிள்ளைகள் தரையில் புரண்டு சிரித்தார்கள். முடிந்ததும் எஃபி என்ற நாலு வயதுப் பெண் கிட்டே வந்து அவன் தோட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீ நெஜமாவே பொம்பளையா?"

"சனிக்கிழமை மட்டும், கண்ணு."

"அப்ப திங்கக்கிழமை?"

"பஸ் டிரைவர். ஒன்பதாம் நம்பர்."

தன் அப்பா கேலமிடம் ஓடினாள். "அப்பா, இவங்க ஒன்பதாம் நம்பர் ஓட்டுறாங்களாம்." கவுனைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது.

ஆறு மாதம் நல்லபடியாகப் போயிற்று. ஏழாம் மாதம், பிள்ளைகள் நடுவே பெட்டூனியா உட்கார்ந்திருப்பதை யாரோ எடுத்த ஒரு படம், பிள்ளைகளைக் கெடுக்கிறான் என்ற வசையோடு இணையத்தில் ஊர் ஊராகச் சுற்றியது. அந்தச் சனிக்கிழமை அவனை எதிர்த்து நூலக வாசலில் எழுபது பேர். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் பாதி. மீதிப் பேரை க்ளினுக்கு அவர்கள் இறங்கும் நிறுத்தத்தோடு தெரியும். உள்ளே பதினோரு பிள்ளைகள், கதவடியில் இரண்டு போலீஸ்காரர்கள். ஒலிபெருக்கியில் அவனைத் திட்டிய வசவு கண்ணாடியைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது. ஐல்சா திரைச்சீலையை இழுத்தாள். அது பாதி ஜன்னலுக்குத்தான் எட்டியது.

"ஏன் கத்துறாங்க?" என்றாள் எஃபி.

"அவங்களுக்கு உள்ள இடம் பத்தலையாம், கண்ணு," என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினான்.

நிமிர்ந்தபோது திரை மறைக்காத ஜன்னலில் வில்ஃபைப் பார்த்தான். யாரோ கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளச் சொன்ன குடையைப் போல ஓர் அட்டையை நெஞ்சோடு பிடித்திருந்தார். 'குழந்தைகளை விட்டுவிடு.' க்ளினுக்கு வாசித்துக்கொண்டிருந்த வரி தப்பிவிட்டது.

"இப்ப தொட்டி உடையும்," என்று எஃபி எடுத்துக்கொடுத்தாள்.

"ஆமா. உடைஞ்சுது," என்றான். கடைசிப் பக்கம் வரை வாசித்தான்.

பின்வாசல் வழியாகக் கூட்டிப்போனார்கள். அங்கேயும் ஆள் நின்றது. முதல் முட்டை தோளில் விழுந்தது. இரண்டாவதில் விக் கழன்று தேங்கிய தண்ணீரில் விழுந்தது. இளம் போலீஸ்காரர் ஒருவர் அதை எடுத்து, எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் இரண்டு விரலால் தூக்கி நீட்டினார்.

திங்கட்கிழமை டிப்போவில் வில்ஃப் தேநீர்க் கோப்பையோடு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"உன்மேல ஒண்ணும் இல்லடா, க்ளின். பப்புல நீ என்ன வேணா பண்ணு. இது புள்ளைங்க விஷயம்."

"உம்ம மகளை ஆறு வருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திட்டுப் போனவன் நான்தானே."

"அது வேற."

"எப்படி வேற?"

வில்ஃப் கோப்பைக்குள் பார்த்தார். "அப்ப நான் யோசிக்கல," என்றார்.

அடி அங்கேதான் விழுந்தது. பிறகு வந்ததெல்லாம் க்ளினுக்கு மழை மாதிரிதான். வீட்டு விலாசத்தை யாரோ இணையத்தில் போட்டார்கள். முன்ஜன்னல் வழியாகச் செங்கல் வந்தது. பஸ்ஸில் ஒரு கிழவர் சீட்டு வாங்காமல் அவன் முகத்துக்கு நேரே கண்ணாடித் தடுப்பில் துப்பிவிட்டு இறங்கிப்போனார். 'உங்க நல்லதுக்குத்தான்' என்று சொல்லி டிப்போவில் அவனை மூன்று மாதம் பஸ் கழுவப் போட்டார்கள். நூலகம் பாதுகாப்பைக் காரணம் காட்டிக் கதை நேரத்தையே நிறுத்தியது. ஐல்சா அழுதாள். பப்காரர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

இலையுதிர்காலத்தில் எஃபியின் அப்பா கேலம் வீடு தேடி வந்தான். "எஃபி கேட்டுக்கிட்டே இருக்கா. எங்க வீட்டுல வந்து ஒரு கதை வாசிங்களேன். வேற யாரும் இருக்கமாட்டாங்க."

க்ளின் அலமாரியைத் திறந்து மஞ்சள் கவுனை வெளியே எடுத்தான். கட்டிலில் விரித்துப்போட்டு அரைமணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு டிப்போ ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

எஃபி கதவைத் திறந்து அவனுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள். "பெட்டூனியா வரலையா?"

"வரல, கண்ணு. அவளுக்கு உடம்பு சரியில்ல."

"எப்ப சரியாகும்?"

கேலம் குறுக்கே வந்து அவளைப் பிஸ்கட் எடுத்துவரச் சொன்னான். க்ளின் வாசித்தான். எஃபி மரியாதையாக உட்கார்ந்து கேட்டாள், ஒரு தடவையும் சிரிக்கவில்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். அதன்பிறகு அவன் வேடம் கட்டவேயில்லை.

ஒன்பதாம் நம்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஏறுகிறவர்கள் 'காலை வணக்கம்' சொல்கிறார்கள், அவனும் சொல்கிறான். இந்த மார்ச்சில் வில்ஃப் ஓய்வு பெற்றார். வாழ்த்து அட்டை ஒன்று டிப்போவில் கை மாறி கை மாறி க்ளினிடம் வந்தது. ஆளுக்கு ஒரு வேடிக்கை எழுதியிருந்தார்கள். அவன் ஓர் ஓரமாகத் தன் பெயரை மட்டும் எழுதிப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டு, பஸ் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.