எலிக்குஞ்சும் ஐந்து பெயரும்

ஃப்ரீஸ்லாந்துப் பக்கம், படகு போக வாய்க்கால்மேல் ஓல்டெசைல் பாலத்தைத் தூக்கி இறக்குகிற ரின்ஸேக்கு ஐம்பத்தெட்டு வயது. இத்தனை வருடத்தில் அவர் முழுசாகச் செய்து முடிக்கிற காரியம் ஒன்றே ஒன்றுதான்: தூக்கிய பாலத்தைத் திரும்ப இறக்கிவிடுவார். அதுவும் இறக்காவிட்டால் இரண்டு கரையிலும் நிற்கிற சைக்கிள்காரர்கள் மணியடித்தே கொன்றுவிடுவார்கள் என்ற பயத்தில்தான் என்பாள் அவர் மனைவி ஹிஸ்கே.

மற்றதெல்லாம் பாதி. வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு படகு இருபத்தொன்பது வருடமாக வெறும் விலா எலும்போடு நிற்கிறது. குளியலறையில் இடுப்பு உயரம் வரை ஓடு, அதற்கு மேல் சிமெண்டு. ஸ்பானிஷ் மொழியில் பத்து வரை எண்ணுவார். பத்துக்கு மேல் எதையும் அங்கே போய் வாங்கப் போவதில்லை என்பது அவர் வாதம்.

ஒவ்வொரு பாதிக்கும் கைவசம் ஒரு காரணம் இருந்தது. கேவலமான காரணம் என்றால் திட்டித் தீர்த்துவிடலாம். ஆனால் படகு நின்றது மகள் நீன்கே பிறந்ததால். ஓடு நின்றது நீன்கேக்கு அம்மை போட்டதால். ஸ்பானிஷ் நின்றது நீன்கேயை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்ததால். பிள்ளைக்காக விட்டுவிட்டேன் என்கிற மனிதனை யார் என்ன சொல்ல முடியும்?

மே மாதம் மருத்துவமனையில் இருந்த நர்ஸ், ரத்தப் பரிசோதனைத் தாளையும் அவர் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். அவர் மறைக்கவில்லை. காலையில் ரொட்டி, வெண்ணெய், மேலே சாக்லேட் துருவல். பாலத்துக் கேபினில் பாக்கெட் சூப். பாலத்தைத் தூக்கும் கைப்பிடியில் மாட்டிய பையிலிருந்து சாயங்காலம் வரை உப்புப் போட்ட அதிமதுர மிட்டாய். இரவில் கடைச் சாசேஜ், அட்டைப் பெட்டிக் கஸ்டர்டு. வெள்ளிக்கிழமையானால் எண்ணெயில் பொரித்த, உள்ளே என்ன என்று யாரும் கேட்காத, அந்த நீளமான சமாச்சாரம்.

நர்ஸ் நடுவிலேயே எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"இதுல நீங்க சமைச்சது எது?"

"சூப்."

"அது பாக்கெட்ல வந்ததுன்னு சொன்னீங்க?"

"வெந்நீர் நான்தான் ஊத்தினேன்."

அவள் விதி எளிமையாக இருந்தது. முப்பது நாள். எதை வாங்கினாலும் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற சேர்மானப் பட்டியலை எண்ண வேண்டும். ஐந்து பெயருக்கு மேல் இருந்தால் வாயில் வைக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவர் இதை அறிவித்தார். நிறைமாத வயிற்றோடு எதிரே உட்கார்ந்திருந்த நீன்கே கரண்டியைக் கீழே வைத்தாள்.

"முப்பது நாளாப்பா?"

"முப்பது."

"என் பிள்ளை என்னைக்குப் பொறக்கும்னு டாக்டருக்கே தெரியாது. ஆனா நீங்க என்னைக்கு விடுவீங்கன்னு நான் சொல்லவா? ஒன்பதாம் நாள்."

எல்லோரும் சிரித்தார்கள். மருமகன் யோரிஸ் சிரித்தான், ஹிஸ்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ரின்ஸேயும் சிரித்தார். மறுநாள் பாலத்துக்குச் சைக்கிள் மிதிக்கும்போது மட்டும் அந்த ஒன்பது, தளர்ந்த செயினைப் போல வழியெல்லாம் கடகடத்தது. தன்னைத் தாத்தா என்று ஒரு ஜீவன் கூப்பிடப் போகிறது. அதற்குள் ஒன்றையாவது முடித்திருக்க வேண்டும், அதை நீன்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வேறு எந்த லட்சியமும் இல்லை. நர்ஸ் கவலைப்பட்ட கல்லீரலைக்கூட அவர் இரண்டாவதாகத்தான் நினைத்தார்.

கழுத்தில் கயிறு கட்டிக் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு கடைக்குப் போனார். கடுகுச் சாந்தில் ஆறு பெயர், வைத்துவிட்டார். சூப் பாக்கெட்டில் இருபத்து மூன்று. ரொட்டியைத் திருப்பிப் பார்த்தவர் அசந்துபோனார். கல்யாணப் பத்திரிகையில் சொந்தக்காரர்களைப் போட்டிருப்பதைப் போலப் பதினெட்டுப் பேர். கோதுமையைத் தவிர ஒருவரும் அவருக்கு அறிமுகமில்லை. கடைசியில் கூடையில் ஓட்ஸ், பால், முட்டை, உருளைக்கிழங்கு, ஆப்பிள், ஒரு மீன், செங்கல் நிறத்தில் செங்கல் கனத்தில் ஒரு ரை ரொட்டி. ரை தானியம், தண்ணீர், உப்பு. மூன்றே பேர், அடக்கமான குடும்பம்.

வீட்டில் ஹிஸ்கே இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் கஸ்டர்டு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"எங்கே போற?"

"காரேஜுக்கு. கார் பக்கத்துல உக்காந்து சாப்பிடறேன். அது எத்தனை பேருன்னு கேக்காது."

ஒன்பதாம் நாள் வந்தது. அந்தப் பாலத்தில் படகுக் கட்டணம் வாங்குவது பழைய முறையில்தான். தூண்டில் கோலின் நுனியில் ஒரு மரச்செருப்பைக் கட்டிப் படகுக்கு நேராக நீட்டினால் அதில் காசைப் போடுவார்கள். ரின்ஸேயைத் தெரிந்தவர்கள் தின்பண்டமும் போடுவது வழக்கம். அன்று வாராவாரம் போகிற மணல் படகுக்காரர் போவே, பாகு தடவிய வேஃபர் ஒரு பாக்கெட் போட்டார். பச்சைத் தண்ணீருக்கு மேலே அது மெல்ல ஆடியபடி ரின்ஸேயை நோக்கி வந்தது. வெயிலில் பாகின் வாசனை முன்னால் வந்தது, பாக்கெட் பின்னால் வந்தது.

பாதியில் கோலை நிறுத்தினார். திரும்ப நீட்டினார்.

"போவே, பின்னாடி எத்தனை பேரு?"

போவே திரும்பிப் பார்த்தார். "மூணு படகு."

"படகு இல்லய்யா, பாக்கெட்டுக்குப் பின்னாடி! எண்ணி வாசி!"

"உனக்கு என்ன ஆச்சு?"

"வாசிய்யா!"

நட்டநடு வாய்க்காலில் மணல் படகை நிறுத்திவைத்து, மூக்குக்கருகில் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு போவே வாசித்தார். பின்னால் மூன்று படகும் ஹாரன் அடித்தன. மேலே தூக்கி நிற்கிற பாலத்துக்கு இருபுறமும் சைக்கிள் மணிகள். பதினொன்று வந்தது.

"எடுத்துட்டுப் போ!" என்று கத்தினார் ரின்ஸே.

பிறகு மகளுக்குப் போன் செய்தார். "இன்னிக்கு ஒன்பதும்மா."

"தெரியும். நாளைக்கும் பண்ணுங்க, நம்பறேன்."

மறுநாளும் செய்தார். அதற்கு மறுநாளும். இருபதாம் நாள் பேன்ட் தளர்ந்து பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். அன்றுதான் ஹிஸ்கே கடைப் பையிலிருந்து ரஸ்க் டப்பா ஒன்றும், சிவப்பு ஒன்று நீலம் ஒன்றாக இரண்டு சின்ன அட்டைப் பெட்டிகளும் எடுத்து மேசைமேல் வைத்தாள். எலிக்குஞ்சு. சர்க்கரைப் பூச்சுப் போட்ட சோம்பு மிட்டாய்தான். சோம்பின் காம்பு வால்போல நீட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். பிள்ளை பிறந்த வீட்டுக்கு யார் போனாலும் ரஸ்க்கில் வெண்ணெய் தடவி அதன்மேல் எலிக்குஞ்சு தூவித் தருவார்கள். பெண் என்றால் சிவப்பு, பையன் என்றால் நீலம். தின்றால்தான் பிள்ளையை வரவேற்றதாக அர்த்தம். வேண்டாம் என்று சொன்னவரை யாரும் பார்த்ததில்லை.

ரின்ஸே கண்ணாடியை மாட்டினார். ரஸ்க்கில் பதிமூன்று. எலிக்குஞ்சில் ஆறு.

"ஒண்ணே ஒண்ணுதான் ஜாஸ்தி," என்றார் தவிப்போடு.

"ஒரு கடி, ரின்ஸே. யாரு பாக்கப் போறா? பிள்ளைக்காக."

பிள்ளைக்காக. எண்ணெய் போட்ட கீலில், ஓசையே இல்லாமல், அவருக்கு ரொம்பப் பழக்கமான ஒரு கதவு திறந்தது. உள்ளே போனால் இதமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒரு காலைக்கூட வைத்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அப்புறம், "நானே பண்றேன்," என்று சொன்னது அவர் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

சோம்பு, தேன், பீட்ரூட் சாறு. மூன்றே பெயர். பாலத்துக் கேபினில் காபி போடுகிற அடுப்பில், படகுக்கும் படகுக்கும் நடுவே, ஒரு வாரம் கிண்டினார். சிவப்புதான் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. 'அவ ராத்திரியெல்லாம் தூங்க விடமாட்டேங்கறா' என்று நீன்கே போனில் வாய் தவறிச் சொன்னதைக் கேட்டிருந்தார். ஒவ்வொரு சோம்பும் தனித்தனியாகச் சிவந்து உருண்டு வந்தபோது தகர டப்பாவில் போட்டு, காயட்டும் என்று ஜன்னல் ஓரம் வைத்தார்.

இருபத்தேழாம் நாள் யோரிஸ் அழுதுகொண்டே போன் செய்தான். "வந்தாச்சு மாமா! ரெண்டு பேரும் நல்லா..." அதற்கு மேல் அழுகை, போன் நின்றுவிட்டது.

மாற்று ஆள் வர நான்கு மணி நேரம் ஆனது. அந்த வருடத்தின் முதல் கொடும் வெயில். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்து, கடைசியில் மகள் வீட்டுக்குச் சைக்கிளில் பறந்தார். மூடியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார். அதைப் பார்த்துத் தெருவே வாழ்த்தியது.

"பொண்ணா! வாழ்த்துகள் ரின்ஸே!"

"உங்களுக்கும்!" என்று கையசைத்தபடி போனார்.

கதவைத் திறந்தவள் மின்கே. பிரசவம் ஆன வீட்டில் எட்டு நாள் கூடவே இருந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்கிற நர்ஸ். அந்த எட்டு நாளும் வீடு அவளுடையது.

"கையைக் கழுவுங்க. இருபது நிமிஷம்தான். முதல்ல ரஸ்க், அப்புறம்தான் பிள்ளை."

அறையில் உயர்த்திப் போட்ட கட்டிலில் நீன்கே, அவள் நெஞ்சில் ஒரு சிறு துணிப்பொதி. பக்கத்தில் முன்பே வந்துவிட்ட ஹிஸ்கே வாய் நிறைய நொறுக்கிக்கொண்டிருந்தாள். தட்டில் தூவியிருந்தது நீலம்.

"பையன்பா," என்றாள் நீன்கே.

"தூங்க விடலன்னு... 'அவ'ன்னு சொன்னியே?"

"அது பூனையைச் சொன்னேன்."

"பரவால்ல," என்று டப்பாவைத் திறந்தார் ரின்ஸே. "பீட்ரூட்டுக்கு அதெல்லாம் தெரியாது."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வெயிலில் தேன் இளகி, குஞ்சுகள் எல்லாம் ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு, கையளவுக்கு, கருஞ்சிவப்பாக, அங்கங்கே வால் முளைத்து ஒரே கட்டியாகக் கிடந்தன.

"இது என்ன, யாரோட கிட்னி?" என்றாள் மின்கே.

"எலிக்குஞ்சு," என்றார் ரின்ஸே சன்னமாக.

ஹிஸ்கே வாயிலிருந்ததை விழுங்கினாள். "இது எலிக்குஞ்சு இல்ல, ரின்ஸே. பெருச்சாளி."

யோரிஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் மட்டும் குலுங்கியது. ரின்ஸே மூடியை மெதுவாகப் போட்டார். மின்கே நீட்டிய தட்டைப் பார்த்தார்.

"சரி, குடுங்க. பிள்ளைக்காகத்தானே," என்று கையை நீட்டினார்.

"அம்மா, அப்பா அதைச் சாப்பிடப் போறாராமா?"

கேட்டது நீன்கே. அப்பாவை எதிரில் வைத்துக்கொண்டே படர்க்கையில் பேசுவது ஃப்ரீஸ்லாந்துப் பக்கத்துப் பழைய மரியாதை. நீன்கே வாயில் அது சாட்டை.

"அப்பாவுக்கு இன்னிக்கு எத்தனாவது நாள்?"

"இருபத்தேழு."

"அந்தப் படகு யாரால நின்னுது?"

ரின்ஸே படுக்கை விரிப்பைப் பார்த்தார்.

"குளியலறை?"

"அது அம்மை போட்டதால..."

"யாருக்கு?"

"உனக்கு."

"அந்த வீட்டுல எது பாதில நின்னாலும் என் பேரு. ஸ்பானிஷ் வரைக்கும் என் பேரு. எனக்குப் பழகிப்போச்சு." அவள் குரல் இறங்கி, படர்க்கை விட்டுப்போனது. "இவன் பொறந்து அஞ்சு மணி நேரம்தான்பா ஆகுது. அதுக்குள்ள இவன் தலையில ஒரு ரஸ்க்கை ஏத்தாதீங்க."

ஹிஸ்கே பாதி ரஸ்க்கைத் தட்டில் வைத்தாள். பொதிக்குள்ளிருந்து ஒரு சின்னத் தும்மல் வந்தது.

"பழக்கம்னு ஒண்ணு இருக்கு," என்று ஆரம்பித்தாள் மின்கே.

"பெருச்சாளியும் சோம்புதான். வெட்டுங்க, எனக்கும் ஒரு துண்டு," என்றாள் நீன்கே.

ரொட்டிக் கத்தி வளைந்தது. யோரிஸ் கருவிப் பெட்டியிலிருந்து உளியும் சுத்தியும் கொண்டுவந்தான். இரண்டு அடிக்குப் பிள்ளை விழித்தது, நான்காவதில் பெருச்சாளி உடைந்தது. ரின்ஸே சட்டைப் பையிலிருந்து ரை ரொட்டித் துண்டை எடுத்தார். இருபத்தேழு நாளில் அது இல்லாமல் வெளியே போகாத பழக்கம் வந்திருந்தது. வெண்ணெய் தடவி, மேலே ஒரு துண்டை வைத்து, அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் கடித்தார்கள்.

பல்லில் ஒட்டிய தேன் விடவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி அசைபோட்டார்கள். நீன்கேக்குச் சிரிப்பு வந்தது, தையல் வலித்தது, சிரிப்பை அடக்கியதில் கண்ணீர் வந்தது. ரின்ஸேக்கும் கண் கலங்கியிருந்தது. அவர் பல்லைக் காரணம் சொல்லியிருப்பார், வாய் காலியாக இல்லை. மின்கே கடிகாரத்தைப் பார்த்தாள். மென்று முடிக்கவே பதினாறு நிமிடம் ஆனது. இருபது நிமிட விதியை அவள் பேசாமல் பின்னுக்குத் தள்ளி வைத்தாள்.

கடைசியில் ரின்ஸே அவள் முன்னால் போய் வாயைத் திறந்து காட்டினார்.

"சரி," என்றாள் மின்கே. பிள்ளையைத் தூக்கி அவர் கையில் வைத்தாள்.

இன்னும் மூன்று நாள் இருந்தது. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முப்பதாம் நாள் சாயங்காலம் தட்டிலிருந்த கடைசி உருளைக்கிழங்கைத் தின்று முடித்த ரின்ஸே, முள்கரண்டியை வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன?" என்றாள் ஹிஸ்கே.

"முடிஞ்சுது."

"அதுக்கு ஏன் திருடன் மாதிரி முழிக்கற?"

"இதுக்கு அப்புறம் என்ன பண்ணுவாங்க?"

"யாரு?"

"முடிச்சவங்க."

ஹிஸ்கே யோசித்தாள். அப்படிப்பட்ட ஆளோடு குடித்தனம் நடத்திய அனுபவம் அவளுக்கும் இல்லை.

"தட்டு கழுவுவாங்கன்னு நினைக்கிறேன்," என்றாள்.