நுன்சியா தட்டிய கதவுகள்

பூட்டிய தேவாலயக் கதவு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் நுன்சியாவின் முழங்கால் வலி எங்கே போகிறதென்று தெரியாது. கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தேவாலயத்துக்கு எதிர்வீட்டு மணியை அழுத்துவாள். பதில் வராவிட்டால் அடுத்த வீடு. அதற்கும் அடுத்து முடிதிருத்தும் கடை. "சாவி யார் வீட்ல இருக்கு?" எந்த ஊரில் இறங்கினாலும் அவளுடைய முதல் பேச்சு இதுதான். மதியச் சாப்பாடு முடிந்து ஊரே சன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் நேரமாக இருக்கும். நான் இரண்டு வாசல் தள்ளி, அவளை முன்பின் பார்த்திராதவள்போல, ஏதாவது ஒரு பால்கனியின் கல்வேலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கட்டானியா நகரத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே படிக்கட்டு. நான் இரண்டாம் மாடி, அவள் நான்காம் மாடி. அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் பாஸ்தா வேகவைத்தே தலை நரைத்தவள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் அடுத்தவர் கண்ணைப் பார்த்தே நரைத்தேன். அவளுக்கு ஓய்வு கிடைத்ததிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் இருவரும் தெற்கே பஸ் ஏறிவிடுகிறோம். நோட்டோ, பலாத்சோலோ, ரகூசா, ஷிக்லி என்று ஊர் ஊராக இறங்கி ஏறுவோம். பழைய ஊர்களென்றால் எனக்கு உயிர். அவளுக்கு அந்த ஊர்களில் குடியிருப்பவர்கள்தான் வேண்டும். முதல் பயணத்திலேயே பாகம் பிரித்துவிட்டாள்: "வெனேரா, நீ கல்லைப் பாத்துக்கோ. நான் ஆளைப் பாத்துக்கறேன்."

எந்தக் கட்டடம் எந்த நூற்றாண்டு என்று நான் ஆரம்பித்தால் கொட்டாவி விடுவாள். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பூகம்பத்தில் எல்லாமே ஒன்றாக விழுந்து, எல்லாமே ஒன்றாக எழும்பியதுதானே, இதில் மூத்தது எது இளையது எது என்பது அவள் கட்சி. ஊருக்கு மார்க் போடுவது ரொட்டியை வைத்துத்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சின்ன ரொட்டி ஒன்று வாங்கி, முகர்ந்து, பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு முதல் வாயை மெல்லுவாள். ரகூசாவில் ஒருமுறை "இந்த ஊர்க்காரங்க உப்புல கஞ்சம், கல்யாணத்துல தாராளம்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். ரொட்டி சொல்கிறதாம்.

தேவாலயத்துக்குள் நுழையும் முன் சீப்பை எடுத்துத் தலையை வாரி, விரலை எச்சில் தொட்டுப் புருவத்தைத் தடவிக்கொள்வாள். பீடத்தின்முன் சற்றுநேரம் நிற்பாள், அவ்வளவுதான். பிறகு கதவைத் திறந்துவிட்ட ஆளோடு படியில் உட்கார்ந்துவிடுவாள். நான் விதானத்தையும் தூண்களையும் பார்த்துக் கழுத்து வலியோடு வெளியே வரும்போது, அந்த ஆளுக்குச் சிறுநீரகத்தில் கல் இருப்பதும், மருமகள் மாமியாரோடு பேசாமலிருப்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். எந்த ஊரில் யாருக்கு என்ன ஆபரேஷன் ஆயிற்று என்பது இன்றைக்கும் அவளுக்கு அத்துப்படி.

கதவு திறக்க அவள் கூசாமல் பொய் சொல்வாள். நோட்டோவில் என்னை லீவில் வந்திருக்கும் கன்னியாஸ்திரீ என்றாள். சாவி வைத்திருந்த மனிதர் பாவம், என் கையை எடுத்து முத்தமிட்டார். பலாத்சோலோவில், கடலுக்குப் போன என் புருஷன் பத்திரமாகத் திரும்பியதற்காக நேர்ந்துகொண்டது என்றாள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. வெளியே வந்ததும் நான் சண்டை பிடிப்பேன். "கதவு திறந்துச்சா இல்லையா? அதைச் சொல்லு" என்று ரொட்டியின் மீதியை என் கையில் திணிப்பாள்.

போன மே மாதம் ஷிக்லியில், சதுக்கத்து ஆரஞ்சு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, மறுநாள் மோதிக்கா போகவேண்டாம் என்றேன். ஏன் என்றாள். வெயில், ஏறுபடி என்று எதையோ சொல்லிப் பார்த்தேன். வாயில் வைத்த ரொட்டியை எடுத்துவிட்டு என்னையே பார்த்தாள். வேறு வழியில்லாமல் சொன்னேன்.

என் அம்மா மோதிக்காக்காரி. எனக்கு மூன்று வயதாகும் முன்பே போய்விட்டாள். அவளுடைய படமென்று இருந்தது ஒரே ஒரு கல்யாணப் படம். அதையும் அப்பா சவப்பெட்டிக்குள் அவள் கையிலேயே வைத்து அனுப்பிவிட்டார். பிறகு என்னை அழைத்துக்கொண்டு கட்டானியாவுக்கு வந்தவர், அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அம்மாவின் முகம் எனக்குத் தெரியாது. அப்பாவின் தங்கை மட்டும் ஒருநாள் சொன்னாள்: மோதிக்காவின் மேல்தெருச் சிற்றாலயம் ஒன்றில், சுவரோவியத்தைப் புதுப்பிக்க வந்த நாடோடி ஓவியன், தண்ணீர் பிடிக்க வரும் பெண்களையே பார்த்து வரைந்தானாம். அந்த ஓவியத்தில், மாதா பிறந்தபோது குழந்தையைக் குளிப்பாட்டுகிற பெண்களில் ஒருத்தி என் அம்மாவாம். உண்மையா, சும்மா சொன்னதா தெரியாது. போய்ப் பார்த்து இல்லையென்று ஆகிவிட்டால், இருக்கிற இந்த ஒரு சொல்லும் போய்விடுமே என்று இருந்துவிட்டேன்.

நுன்சியா ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்தாள். பிறகு என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "நாப்பது வருஷமா ஒரே படிக்கட்டுல ஏறி இறங்குறோம். என் வீட்டுக் குழாய் ஒழுகுறது உனக்குத் தெரியும். இதை மட்டும் எனக்குச் சொல்ல மாட்டியா?" என்றாள். கோபம்தான். ஆனால் என் விரல்களைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

மறுநாள் மோதிக்காவில் அவள் ரொட்டி வாங்கவில்லை. நேராக மேல்தெருவுக்குப் படி ஏறினாள். சிற்றாலயத்தின் கதவில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. சாவி ஒராத்சியா என்ற மூதாட்டியிடம் என்று பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். ஒராத்சியா எண்பதைத் தாண்டியவள். பாதிக் கதவைத் திறந்து, பூண்டு உரித்த கையோடு எங்களை மேலும் கீழும் பார்த்தாள். மழையில் உள்ளே காரை பெயர்ந்து கொட்டியிருப்பதால் யாரையும் விடக்கூடாதென்று பாதிரியார் சொல்லியிருப்பதாகச் சொன்னாள்.

நுன்சியா வாயைத் திறந்தாள். பொய்யென்றால் ஆறாக ஓடும் பேச்சு, உண்மைக்கு வந்ததும் திக்கியது. இவளுடைய அம்மா, அதாவது இவளைப் பெற்றவள், அந்தச் சுவரில், தண்ணீர் பிடிக்க வந்தபோது என்று எங்கெங்கோ போய் முட்டிக்கொண்டு நின்றாள்.

"வர்றவங்க எல்லாரும் ஒரு கதையோடதான் வர்றீங்க" என்றாள் ஒராத்சியா. "போன மாசம் ஒருத்தன், எனக்கு இங்கதான் ஞானஸ்நானம் குடுத்தாங்கன்னான். அவன் பேச்சு அசல் வடக்கத்திப் பேச்சு. போங்கம்மா, போய் எங்க ஊரு சாக்லேட் வாங்கிட்டுக் கீழ்ச் சதுக்கத்துல உக்காருங்க."

கதவு மூடத் தொடங்கியது. நுன்சியா அதில் கை வைக்கவில்லை. திரும்பி, இரண்டு வாசல் தள்ளி வழக்கம்போல நின்றிருந்த என்னைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. "நீ வந்து சொல்லு வெனேரா. இது என்னால ஆகாது" என்றாள்.

அந்தச் சில அடிகளை எப்படி நடந்தேனென்று தெரியாது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அந்நியர்களோடு பேசியவள்தான் நான். அன்று, "என் அம்மா பேரு ஜோர்ஜா. கழுதைக்காரர் வீட்டுப் பொண்ணு" என்பது மட்டும்தான் வந்தது.

கதவு நின்றது. ஒராத்சியா கையிலிருந்த பூண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சின்ன வயசுலயே செத்துப் போனாளே, அந்த ஜோர்ஜாவா?" என்றாள். பிறகு உள்ளே போய்ச் சாவியோடு வந்தாள்.

உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாடை. தரையெல்லாம் காரை. இடப்பக்கச் சுவரில், கட்டிலில் சாய்ந்த ஒரு தாய், தொட்டியில் குழந்தை, சுற்றிலும் பெண்கள். ஒராத்சியா சாவியின் நுனியால் காட்டினாள். குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றுகிறவள். பின்னல் தோளில் வழிந்து முன்னால் தொங்கியது.

"எங்களையெல்லாம் வரிசையா நிக்கச் சொன்னான் அந்த ஆளு. நான் சின்னப் பொண்ணு, பொறுமை இல்லாம ஓடிட்டேன். அசையாம நின்னவ அவ ஒருத்திதான். கை வலிக்குதான்னு அவன் கேட்டதுக்குக்கூட ஆமான்னு சொல்லல."

பரந்த நெற்றி. சற்றே இறங்கிய இமைகள். ஊற்றும் தண்ணீர் குழந்தையின் கண்ணில் படக்கூடாதே என்று பார்க்கிற பார்வை. மூக்குக்குக் கீழே ஒன்றுமில்லை. ஈரம் அரித்து, வாயும் முகவாயும் சுவரோடு பெயர்ந்து விழுந்திருந்தன. அறுபது வயதுக்கு மேல் அம்மாவைப் பார்க்கக் கிடைத்தது, அதுவும் பாதிதானா என்று அழுதேன். சிரித்தால் எப்படி இருப்பாள் என்று தெரிந்துகொள்ளத்தானே இத்தனை வருஷமாக ஆசைப்பட்டேன்.

நான் அழுவதை ஒராத்சியா கவனித்தாள். என் முகவாயைப் பிடித்து, வாசலிலிருந்து வந்த வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். அவசரப்படாமல் பார்த்தாள்.

"மிச்சம் எங்கயும் போகல பொண்ணே" என்றாள். "இங்கதான் இருக்கு." பூண்டு மணக்கும் விரலால் என் உதட்டின் ஓரத்தைத் தொட்டாள். அம்மாவுக்கும் இந்த ஓரம்தான் முதலில் துடிக்குமாம், அப்புறம்தான் சிரிப்பு வருமாம்.

நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்த மூதாட்டிக்கு, பெயர் தெரியாத ஓவியனுக்கு, கை வலிக்கிறது என்று சொல்லாமல் நின்ற அந்தப் பெண்ணுக்கு. எல்லாவற்றுக்கும் முன்னால் நுன்சியாவுக்கு. திரும்பிப் பார்த்தேன், பக்கத்தில் அவளைக் காணோம்.

சுவரடியில், தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் மடங்காததால் காலை நீட்டி, கழுத்துக்குட்டையை அவிழ்த்து முன்னால் விரித்திருந்தாள். விழுந்து கிடந்த காரைக் குவியலை, பருப்பில் கல் பொறுக்குவதுபோலக் கிளறிக்கொண்டிருந்தாள். சிவப்புத் துணுக்குகள் ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம். கீழே சதுக்கத்தில் எங்கள் பஸ் ஹார்ன் அடித்தது. பஸ் போய்விடும் என்று ஒராத்சியா சொன்னாள். நுன்சியா நிமிரவில்லை. நகக்கண் அளவு துணுக்கு ஒன்று அகப்பட்டது, தோலின் நிறத்தில். அதை ஊதித் தூசி போக்கினாள். குட்டையில் வைக்காமல் இடது உள்ளங்கையில் போட்டு மூடிக்கொண்டு, வலது கையால் அடுத்ததைத் தேடினாள்.