மகளின் இரண்டு பாடங்களும் மூடிய ஃபேக்டரியும்

பெயரே வாயில் நுழையாத படிப்பைப் பிள்ளை படித்தால், அதை ஊருக்கு விளக்குவது பெற்றவளுக்குத் தனி வேலையாகிவிடும். அந்த வேலை பார்த்த தாய்மார்களுக்கு நான் சொல்வது புரியும்.

கொழுந்துக் காட்டில்

என் மகள் ரஞ்சனி கோயம்புத்தூரில் பல்கலைக்கழகத்தில் மானுடவியலையும் பாலினக் கல்வியையும் சேர்த்துப் படித்தாள். நான் குன்னூருக்குக் கீழே ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். எட்டாவதோடு நின்றவள், நாலு பேர் முன்னால் பேச வராது. தேயிலை விலை விழுந்து, வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆகியிருந்தது.

பக்கத்து வரிசையில் பறிக்கும் மாரியம்மா, அது என்ன படிப்பு என்று கேட்டாள். மகள் சொன்னபடியே சொன்னேன். ஒன்று, மனிதர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பது. மற்றது, இது ஆணுக்கு, இது பெண்ணுக்கு என்று எப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பது. மாரியம்மா கை நிறையக் கொழுந்தைக் கூடையில் போட்டாள்.

"இதுக்கா அக்கா அவ்வளவு தூரம் போகணும்? எங்க ஊட்டுல வந்து இருந்தா ஒரே வாரத்துல முடிச்சிடலாமுங்க."

அடுப்பு அணைந்த பிறகு

என் கணவர் ஃபேக்டரியில் இலை உலர்த்தும் அடுப்புக்கு விறகு போடுகிறவர். ஃபேக்டரியை மூடியதும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். விடியற்காலையில் கிளம்புவார், மதியம் திரும்புவார். வேலை தேடிப் போகிறார் என்றே நான் நினைத்திருந்தேன்.

எங்கள் லைன் வீடுகளிலிருந்து பெண்பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். ரஞ்சனியும் வருகிற லீவோடு படிப்பை நிறுத்திவிட்டு அங்கே போகட்டும் என்றார். இன்னும் ஒரு வருடம்தானே என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பொம்பளைங்க கஷ்டத்தைப் படிச்சு என்னா புள்ள ஆகப்போகுது? நீ படுறது பத்தலையா?"

முதல் கேள்வி

ரஞ்சனி லீவுக்கு வந்தாள். படிப்புக்காக, வேலை நின்றுபோன குடும்பம் ஒன்றைப் பார்த்து எழுத வேண்டுமாம். நம் வீட்டையே எழுதட்டுமா என்று அப்பாவைக் கேட்டாள். "பொம்பளைப் படிப்புதானே, உங்கம்மாவைக் கேளு" என்றார். "அம்மாவை அப்புறம் கேக்குறேன்ப்பா. நீங்க சொல்லுங்க, ஃபேக்டரி மூடினதுல இருந்து காலையில எங்க போறீங்க?"

அவர் தேநீர்த் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். சங்கு ஊதாவிட்டாலும் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஃபேக்டரி கேட் வரை போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறார். பெண்கள் குழாயடியில் இருக்கும் நேரத்தில் ஆம்பளை வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாதென்று, மதியம் வரை அங்கேயே சுவரோரம் இருக்கிறார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தம்ளர் தேநீர் ஆறியது. மூன்றையும் நான்தான் சூடாக்கினேன்.

"இதை யாருமே கேக்கலையே சாமி."

குழாயடி

மறுநாள் அவர் ஃபேக்டரிப் பக்கம் போகவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வரிசையில் பெண்கள் மட்டும்தான் இருந்தார்கள். மாரியம்மாதான் வாயைத் திறந்தாள்.

"அண்ணனுக்கு வழி விடுங்கடி, பல்கலைக்கழகத்துல சேர்ந்துட்டாரு!"

பஸ் ஸ்டாப்பில்

அடுத்த வாரம் அவர் கேத்திப் பக்கம் கேரட் காட்டில் களையெடுக்கப் போனார், பெண்களோடு வரிசையில் உட்கார்ந்து. அதுவரை, பொம்பளை வேலை என்று அந்தப் பக்கமே திரும்பாதவர்.

லீவு முடிந்த அன்று ரஞ்சனியை பஸ் ஏற்றப் போனோம். திருப்பூருக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேனும் அங்கே நின்றது. இன்னும் ஓர் இடம் இருக்கிறது, உங்கள் பெண் வருகிறாளா என்று டிரைவர் கேட்டார். ரஞ்சனி அப்பாவைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவர் அவள் பையைத் தூக்கிக் கோயம்புத்தூர் பஸ்ஸில் வைத்துவிட்டு டிரைவரிடம் சொன்னார்.

"அது இன்னும் பாதி ஊட்டைத்தாங்க கேட்டிருக்கு. அவங்கம்மா பாக்கி இருக்கா."

இப்போதெல்லாம் ரஞ்சனி என்ன படித்தாள் என்று யாராவது கேட்டால் அவரிடம் அனுப்பிவிடுகிறேன். அவர் பேச்சில் மாட்டியவர்கள் லேசில் திரும்பி வருவதில்லை.